ஆறடிக் கோடு

மீட்டர்காரர் தன் வீட்டுக் கூடத்தின் குறுக்கே சாக்பீஸால் கோடு கிழித்தபோது, அவர் மனைவி கட்டில் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மனுஷர் சும்மா கிழிக்கவில்லை. இரும்பு டேப்பை விரித்து, கட்டில் காலிலிருந்து ஆறடி அளந்து ஒரு புள்ளி வைத்தார். சுவரோரம் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் துடைப்பக் கட்டையைப் படுக்கவைத்து, முட்டி போட்டு, நேராக இழுத்தார். எழுந்து தள்ளி நின்று பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் வளைந்திருக்கிறது என்று அழித்து மறுபடியும் போட்டார்.

“ஆறடிங்கறது குழி வெட்டறவன் சொல்ற கணக்கு,” என்றாள் அவள்.

“வாயைக் கழுவு. டாக்டர் சொன்னதைத்தானே செய்யறேன்.”

“டாக்டர் தள்ளி இருன்னாரு. துடைப்பக்கட்டை வெச்சுக் கோடு போடச் சொன்னாரா?”

“கோடு இல்லன்னா கால் கேக்காது. இருபத்திரண்டு வருஷமா பார்க்கிறேன். கோடு போட்டாத்தான் மனுஷன் நிப்பான்.”

இருபத்திரண்டு வருஷமாக அவர் நிற்பது அணுமின் நிலையத்தின் வாசலில். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவருடைய எந்திரத்துக்குள் ஏறி, கையைத் துளைக்குள் விட்டு, பத்து எண்ணும்வரை ஆடாமல் நிற்க வேண்டும். பச்சை எரிந்தால் போகலாம். சிவப்பு எரிந்து மணி அடித்தால், உடம்பிலோ துணியிலோ கதிர்த்தூசி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். உடனே குளியலறைக்குத் திரும்பித் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து மறுபடியும் நிற்க வேண்டும். பஸ் போய்விடும், பசிக்கிறது, மச்சினன் காத்திருக்கிறான் என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். “மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது” என்பார் இவர். நிலைய மேலாளரையே இரண்டு முறை திருப்பி அனுப்பிய ஆள் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் மீட்டர்காரர், மீட்டர் அண்ணன்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இப்போது கதிர் வந்து உட்கார்ந்திருந்தது. நிலையத்திலிருந்து வந்ததல்ல. மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்து, அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் எரித்துவிட வேண்டும் என்று, கதிர் வீசும் அயோடின் மருந்தை ஒரு மாத்திரையாக விழுங்கக் கொடுத்தார்கள். விழுங்கியவளை மூன்று நாள் தனி அறையில் வைத்திருந்து நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பிலிருக்கும் மருந்து தானாகத் தேய்ந்து போகும். அதுவரைக்கும் யாரோடும் நெருங்கிப் படுக்கக் கூடாது, தட்டு தம்ளர் தனி, துணி தனி. எச்சில், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றிலும் மருந்து இருக்கும். இருபத்தைந்து நாளைக்கு அடுத்தவருக்குச் சமைக்கவே கூடாது.

அந்தக் கடைசி விஷயம்தான் அவளைக் கொன்றது. நிலையத்து ரோட்டு முக்கில் அவளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நாலு பெஞ்சு, தகரக் கூரை, தினம் நாற்பது பேருக்குச் சாப்பாடு. பதினான்கு வருஷமாக அவள் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஷிப்டில் ஒரு கூட்டம் உள்ளே போகும். கடைக்கார அக்காவுக்கு இந்த மாதிரி மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் இந்த ஜென்மத்தில் ஒருத்தன் அந்தப் பெஞ்சில் உட்காருவானா? ஆகவே வெளியூரில் இருக்கும் தன் சொந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினாள். புருஷனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

“ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்மா. வீட்டுல யாராவது இந்த மருந்து எடுத்தா சொல்லணும்னு விதி இருக்கு. அந்த விதியை எல்லாருக்கும் படிச்சுக் காட்டறவனே நான்தான்.”

“படிச்சுக் காட்டறவரு ஒரு தடவை படிக்காம இருங்க. நீங்க நிக்கிற கேட்டு இன்னும் நூறு வருஷம் இருக்கும். என் கடைக்கு ஆள் போனா திரும்ப வராது.”

அவர் எழுதிக் கொடுக்கவில்லை.

ஊரில் இல்லாதவள் வீட்டுக்குள் இருப்பது என்றால் லேசா? ஜன்னல் சாத்தியே கிடந்தது. நல்ல கோடை. அதிலும் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை மின்வெட்டு. மாநிலத்தில் எரிகிற ஏழு விளக்கில் ஒன்று இந்த நிலையத்துக் கரண்டில் எரிந்தது. எரிபொருள் மாற்றவும் குழாய்களைச் சரிபார்க்கவும் அணு உலையை நிறுத்தி ஒரு மாதமாகிவிட்டது. அந்த ஒரு விளக்கு அணைந்ததில் மற்ற ஆறும் மூச்சு வாங்கின. வடக்கே ஆலைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு. தெற்கே தண்ணீர் மோட்டாருக்குக் கரண்டு இல்லை. கரண்டு செய்கிற ஊருக்காவது விட்டார்களா என்றால், அதுவும் கிடையாது. நிலையத்துச் சுவரை ஒட்டின தெருவிலேயே மூன்று மணி நேரம் விசிறியைக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து விழுங்கிய ஒன்பதாவது நாள் காலை. மீட்டர்காரர் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, தான் வடித்த சோற்றைத் தானே நொந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அந்தப் பக்கம் தன் தனித் தட்டோடு இருந்தாள். வெளியே ரோட்டில் ஷிப்டு ஆட்கள் போகிற சத்தம். ஜன்னலுக்கு நேராக வந்தபோது ஒரு குரல் கணீரென்று கேட்டது. கிரேன் கூட்டத்துத் தலைவன் கொக்கி. கிரேனின் கொக்கியை மாட்டி மாட்டியே அந்தப் பெயர் வந்தது.

“அக்கா போனதுலேருந்து நாக்கு செத்துப்போச்சுடா. அந்தப் பஸ் ஸ்டாண்டு கடைக்காரன் உப்பு போடறானா, இல்ல உப்பு இருக்குன்னு நினைச்சுக்கறானா?”

“பழகிக்கோண்ணே. அக்கா வருமோ வராதோ. அங்கயே மாசக்கணக்கு வெச்சுக்கலாம்னு இருக்கோம்.”

சத்தம் தள்ளிப் போனது. அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டுச்சு. சாப்பிடு.”

“மாசக்கணக்கு வெக்கறானுங்களாம்.”

“வெச்சா வெக்கட்டும். அவன் சோறு தின்னு மூணாம் நாள் ஓடி வருவானுங்க.” அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாச்சு. இன்னைக்கு எதிர்ல உட்கார்ந்தது இருபது நிமிஷம்.”

அவ்வளவுதான். அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். “கடிகாரம் பார்க்கறீங்களா? என் மூஞ்சியைப் பார்க்கக் கடிகாரம் வேணுமா உங்களுக்கு? இருபத்திரண்டு வருஷமா அந்த இடத்துக்குள்ள போயிட்டு வர்றீங்களே, ஒரு நாளாவது தள்ளிப் படுன்னு சொல்லியிருக்கேனா? உங்க சட்டையைத் தனி வாளியில போட்டிருக்கேனா? அக்கம்பக்கத்துல எத்தனை பேரு எத்தனை சொன்னாளுங்க. எம் புருஷன் சுத்தமாத்தான் வருவாரு, அவரு நிக்கிற கேட்டு அப்படின்னு சண்டை போட்டேன். எனக்கு ஒண்ணுன்னதும் துடைப்பக்கட்டையால கோடு!”

“அது பயத்துல இல்லம்மா...”

“பேசாதீங்க.”

அவள் அழுகிறவள் இல்லை. கட்டி என்று சொன்ன அன்றைக்குக்கூட, அன்றைய பாத்திரத்தைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இப்போது மூக்கும் கண்ணும் ஒழுக விக்கி விக்கி அழுதாள். மீட்டர்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். கோட்டைத் தாண்ட ஒரு காலைத் தூக்கினார். பிறகு கீழே வைத்தார். தாண்டாததற்காகத் தன்னையே அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் விழும்படி எறிந்தார்.

“தொடச்சுக்கோ.”

துடைத்தாள், மூக்கையும் சிந்தினாள். சுருட்டித் திருப்பி எறிந்தாள். அது அவர் மார்பில் பட்டது. “நீங்களும் உங்க கைக்குட்டையும்! கிளம்புங்க, மெஷின் காத்துக்கிட்டிருக்கும்.”

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் நிலையத்துப் பஸ் ஹாரன் அடித்தது. அவர் கைக்குட்டையை எடுத்து, கை பழகிய இடத்தில், கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் அவர் தானே ஏற்படுத்திய ஒரு பழக்கம் உண்டு. காலை ஷிப்டு உள்ளே போவதற்கு முன்னால், வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, முதல் ஆளாக அவர் எந்திரத்தில் ஏறி நிற்பார். பச்சை எரியும். “மெஷின் சரியா இருக்கு, நானும் சரியா இருக்கேன், வாங்க” என்பார். எவனாவது ஒருத்தன் கைதட்டுவான். இது இல்லாமல் ஒருநாளும் ஷிப்டு தொடங்கியதில்லை.

அன்றைக்கும் ஏறினார். பத்து எண்ணுவதற்குள் சிவப்பு எரிந்து மணி அடித்தது.

சிலர் சிரித்தார்கள். அவர் இறங்கி மறுபடி ஏறினார். மறுபடியும் அடித்தது. சிரிப்பு நின்றுபோனது. கதிர் அளக்கும் கை மீட்டரை எடுத்துத் தன்மேல் தானே ஓட்டினார். தலை, தோள், மார்பு எல்லாம் சும்மா டிக் டிக் என்றது. வலது பைக்கு வந்ததும் கிர்ரென்று கத்தியது. இடுக்கியை வாங்கிப் பைக்குள் விட்டார். கைக்குட்டை வந்தது. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது.

கண்ணீரிலும் இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, தெரியும் தெரியும் என்று தலையாட்டியவர் அவர்.

வரிசையின் முன்னால் நின்ற கொக்கி கேட்டான்: “அண்ணே, அதால எதைத் தொடச்சீங்க?”

“முகத்தை,” என்றார்.

யார் முகம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையில் வந்தது வினை. கொக்கி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். இருநூறு பேர் மனதில் ஒரே கணக்கு ஓடியது. மீட்டர் அண்ணன் இன்னும் உள்ளேயே போகவில்லை. வீட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். வீட்டில் முகம் துடைத்த துணி அடிக்கிறது. அப்படியானால் கசிவு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது. தெருவில், காற்றில், ஆளாளுக்கு முகத்தில் படிந்துகொண்டிருக்கிறது.

“என் புள்ளைங்க ரெண்டும் வெளிய மண்ணுல விளையாடுது,” என்றான் கொக்கி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வரிசை கலைந்தது. பாதிப் பேர் வீட்டுக்கு ஓடினார்கள். மிச்சப் பேர் வாசலுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். விஷயம் தெரியாமல் உள்ளே போவதில்லை என்றார்கள்.

பிரிவு அதிகாரி மீட்டர்காரரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கைக்குட்டையைப் பரிசோதித்த தாள் மேஜையில் இருந்தது.

“அயோடின். உலை நின்னு ஒரு மாசமாச்சு, இந்த அளவுக்கு அது அங்கேர்ந்து வர வாய்ப்பே இல்ல. ஆஸ்பத்திரிச் சரக்குதானே?”

மீட்டர்காரர் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நீங்களா இப்படி? வேற எவனாவது செஞ்சிருந்தா நீங்களே கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பீங்க.”

“தப்புதான் சார்.”

“சரி, அதை அப்புறம் பார்ப்போம். பதினெட்டு நாள்ல உலையை ஓட்டணும். மேலேர்ந்து மணிக்கொரு போன். இன்னைக்கு ஒரு நாள் வேலை நின்னா ஊர் ஊரா இன்னொரு நாள் வெட்டு. ஆஸ்பத்திரிங்க ஜெனரேட்டர்ல ஓடுது.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு செய்யலாம். மெஷின் கோளாறுன்னு எழுதிக் குடுங்க. கைக்குட்டையில ஒண்ணும் இல்ல, கை மீட்டருக்கும் பேட்டரி போயிருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க சொன்னா நம்புவானுங்க. உங்க வீட்டு விஷயமும் வெளிய போகாது. யாருக்கு நஷ்டம்?”

மீட்டர்காரர் ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். “நாளைக் காலையில சொல்றேன் சார்,” என்றார்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கைக்குட்டை என்றதும் அவள் வாயில் கை வைத்தாள்.

“என் அழுகையா மணி அடிச்சுது?”

“உன் அழுகைதான்.”

“சனியன், அழாமலே இருந்திருக்கலாம்.” கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். “அதிகாரி சொன்னபடி எழுதிட்டா?”

“உன் கடை இருக்கும். என் வேலை இருக்கும். ஷிப்டு உள்ளே போகும்.”

“அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க?”

“இருபத்திரண்டு வருஷமா மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்லியிருக்கேன். குளிக்கப் போ, திரும்பக் குளின்னு தோலு உரியத் தேய்க்க வெச்சிருக்கேன். அது பொய் சொல்லும்னு நானே ஒரு தடவை சொல்லிட்டேன்னு வை, நாளைக்கு நெஜமாவே அடிச்சா எவன் நிப்பான்? பேட்டரி போச்சுண்ணேன்னுட்டு நேரா வீட்டுக்குப் போய்ப் புள்ளையைத் தூக்குவான்.”

அவள் நினைப்பு கடைக்குப் போனது. கடைத் தகரத்துக்குப் போன வருஷம்தான் புதிதாக வர்ணம் அடித்தாள். பச்சை வேண்டாம், நீலம் அடி என்று நாள் முழுக்க வெயிலில் நின்று அடிக்கவைத்தாள்.

“நான் வேலையை விட்டுடறேன்,” என்றார் அவர். “என் தப்பு, நான் போயிடறேன். உன் பேரு வெளிய வராது.”

“வேலையை விட்டா அவனுங்க பயம் போயிடுமா? மீட்டர்காரனே ஓடிட்டான்னுதான் சொல்வானுங்க. பேசறதைக் கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க.” அவள் எழுந்து கூடத்தின் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழுமாக நடந்தாள். “அவனவன் பெண்டாட்டி இன்னைக்கு ராத்திரி புள்ளைங்களைக் கதவைச் சாத்தி உள்ள வெச்சிருப்பா. இந்த வெக்கையில. என் கண்ணுத் தண்ணிக்குப் பயந்துக்கிட்டு.”

“அதுக்கு?”

“அதுக்கு நானே வர்றேன். நாளைக்குக் காலையில. என்னைக் கேட்டுக்கு முன்னாடி நிறுத்தி மீட்டரை வைங்க. எல்லாரும் பார்க்கட்டும்.”

“கடை?”

“கடையைப் பத்தி இப்ப பேசினா நான் மறுபடி அழுவேன். இன்னொரு கைக்குட்டை உங்ககிட்ட இருக்கா?”

மறுநாள் அவள் வெளிர் மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, ரோட்டின் நட்டநடுவில், புருஷனுக்கு ஆறடி பின்னால் நடந்து வந்தாள். அக்கா வீட்டுக்குப் போனவள் சொந்த வீட்டிலிருந்து வருவதைப் பார்த்துத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. மரத்தடியிலிருந்து முப்பதடி தள்ளி நின்றாள். அதிகாரி அவளைத் தடுக்க இரண்டடி முன்னால் வந்து, வேறு வழி தெரியாமல் ஒதுங்கிக்கொண்டார்.

“கிட்ட வராதீங்க,” என்று அவளே சத்தமாகச் சொன்னாள். “கழுத்துல கட்டி வந்து அறுத்தாங்க. அதுக்கு இந்த மாதிரி மருந்து குடுத்திருக்காங்க. நேத்து அந்தக் கைக்குட்டையில தொடச்சது என் முகத்தை. காத்துல ஒண்ணும் இல்ல. நம்பலைன்னா அளந்துக்கோங்க.”

யாரும் அசையவில்லை. மீட்டர்காரர் கை மீட்டரைக் கொக்கியிடம் நீட்டினார். “நீயே புடி. எங்க வேணும்னாலும் காட்டு.”

கொக்கி அதைக் காற்றில் தூக்கிப் பிடித்தான். டிக், டிக். தன் முகத்தில் காட்டினான். மண்ணில், மரத்தில், பக்கத்தில் இருந்தவன் செருப்பில் காட்டினான். எல்லாம் ஒரே சத்தம். பிறகு அவளைப் பார்த்து ஒவ்வோர் அடியாக நடந்தான். இருபதடியில் மாற்றமில்லை. பத்தடியில் கொஞ்சம் அவசரப்பட்டது. ஆறடிக்கு வந்தபோது படபடவென்று அடித்தது. “அங்கயே நில்லு,” என்றார் மீட்டர்காரர். கொக்கி நின்று கையை மட்டும் நீட்டினான். அது கிர்ரென்று கத்தத் தொடங்கியதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். இரண்டடி பின்னால் வந்தான், சத்தம் அடங்கியது. மறுபடி முன்னால் போனான், கத்தியது. அப்படி மூன்று தரம் செய்து பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள்.

“வலிக்குதாக்கா?” என்று கேட்டான்.

அதை அதுவரைக்கும் அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை, புருஷன் உட்பட. அவர் கதிரின் அளவைத்தான் கேட்டார், நாள் கணக்கைத்தான் கேட்டார். மீட்டர்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வலி இல்லப்பா. நாக்குல ருசி தெரியல. அது வந்துடுமாம்.”

“எப்பக்கா கடை திறப்ப?”

“டாக்டர் சொன்ன நாள் முடிஞ்சு. இன்னும் பதினைஞ்சு நாள் இருக்கு.”

அவன் தலையாட்டினான். வருகிறேன் என்று சொல்லவில்லை. மீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “எந்திரிங்கடா, வேலை கெடக்கு” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். வரிசை சேர்ந்தது. மீட்டர்காரர் முதல் ஆளாக எந்திரத்தில் ஏறினார். பச்சை எரிந்தது. அன்றைக்குக் கைதட்ட யாரும் இல்லை; ஆனால் ஒருத்தன் பாக்கியில்லாமல் உள்ளே போனார்கள்.

அன்று மாலையே அவருக்கு உத்தரவு வந்தது. தகவல் மறைத்ததற்காக ஆறு மாதம் வாசல் வேலை கிடையாது. பழைய மீட்டர்களைத் துடைத்து அடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவை எழுதுகிற இடத்தில் அவர் இருந்திருந்தால் ஒரு வருஷம் என்று எழுதியிருப்பார்.

இருபத்தாறாம் நாள் அவள் கடையைத் திறந்தாள். டாக்டர் பார்த்து, சமைக்கலாம், பரிமாறலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். விடிவதற்குள் எழுந்து நாற்பது பேருக்குச் சோறும் பருப்பும் காயும் ஆக்கினாள். பெஞ்சைத் துடைத்தாள். ஷிப்டு கூட்டம் வந்தது. “அக்கா, நல்லா இருக்கியா?” என்று அன்பாகக் கேட்டார்கள். ரோட்டின் அந்த ஓரமாகக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். ஒருத்தன், ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன் என்று வயிற்றைத் தடவிக் காட்டினான். கொக்கி தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மத்தியானம் மீட்டர்காரர் கிடங்கிலிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “போடு.”

“நீங்க சாப்பிட்டா அது வியாபாரத்துல சேராது.”

“பசிக்குது, போடும்மா.”

போட்டாள். உப்பு தூக்கலாக இருந்தது. அவர் சொல்லவில்லை. “நாளைக்குப் பத்து பேருக்கு ஆக்கிப் பாரேன். கொஞ்சம் கொஞ்சமா வருவாங்க.”

“பத்து பேருக்கு ஆக்கினா, நானே எனக்குப் பயப்படறேன்னு அர்த்தம்.”

மறுநாளும் நாற்பது பேருக்கு ஆக்கினாள். மறுநாளும் ஒருத்தரும் வரவில்லை. அன்றைக்கு ஆறு பேர் கடைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார்கள். போகலாமா வேண்டாமா என்று அவர்களுக்குள் பேச்சு. அவள் கரண்டியோடு வெளியே வந்து, “ஆறடி தள்ளி நின்னா சோறு வாய்க்கு எட்டாது. உள்ள வாங்க,” என்று கூப்பிட்டாள். சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் அண்டாவைக் கழுவவேயில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “அவனுங்க மேல எனக்குக் கோவம் இல்ல,” என்றாள் புருஷனிடம். “மீட்டர் கத்தினதைக் கண்ணால பார்த்துட்டானுங்க. இனிமே கண்ணால பார்த்தாத்தான் பயம் போகும்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் நாள் உலையை ஓட்டுகிற நாள். காலை ஷிப்டுக்கு வழக்கத்தைவிட இரட்டிப்புக் கூட்டம். மீட்டர்காரர் கிடங்கு வாசலில் ஒரு பழைய மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, கேட்டுப் பக்கம் கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தார். அவர் மனைவி வாடகைக் கைவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையின் முன்னால் நிறுத்தியிருந்தாள். வண்டியில் சோற்று அண்டா, பருப்புக் குண்டான், காய்ச் சட்டி, தட்டுக் கட்டு, கரண்டிகள். அண்டாவிலும் குண்டானிலும் சட்டியிலும் ஆவி பறந்தது.

“அளங்க,” என்றாள் கேட்டில் இருந்த புது ஆளிடம்.

“என்னம்மா இது? சோத்தை எல்லாம் இங்க...”

“ஏன், உங்க மெஷின் சோறுன்னா பொய் சொல்லுமா?”

புது ஆள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மீட்டர்காரரைப் பார்த்தார். மீட்டர்காரருக்கு அங்கே வாய் திறக்க அதிகாரம் இல்லை, தரையைப் பார்த்தார். அதிகாரி, உலை ஓடுகிற நாளில் இது வேறா என்று முனகிவிட்டு, “அளந்துதான் விடுங்களேன்,” என்றார்.

அண்டாவின் மேல் மீட்டர் போனது. டிக், டிக். குண்டானின் மேல் போனது. சட்டி, தட்டு, ஒவ்வொரு கரண்டியும். புது ஆள் கரண்டியை வைத்துவிடப் பார்த்தார், “பின்பக்கமும்,” என்றாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எந்திரத்தின் முன்னால் போய், இரண்டு கைகளையும் துளைக்குள் விட்டாள். அவளும் நானூறு பேரும் எண்ணினார்கள். மீட்டர்காரர் வாழ்க்கையில் எத்தனையோ லட்சம் தடவை அந்தப் பத்தை எண்ணியிருக்கிறார். இவ்வளவு நேரம் அது என்றைக்கும் எடுத்ததில்லை. எட்டுக்குப் பிறகு எண்ணாமல் நின்றார்.

பச்சை எரிந்தது.

அவள் கைகளை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். “இந்த மெஷின் சிவப்பு காட்டினப்போ நம்பினீங்க இல்ல? நான் அதுக்காகத்தான் கடையைப் பணயம் வெச்சு இங்க வந்து நின்னேன். இப்ப பச்சை காட்டுது. இதையும் நம்பணும். ஒண்ணை நம்பி ஒண்ணை விடறதுக்கு இது உங்க வீட்டுப் பஞ்சாயத்து இல்ல.”

கொக்கி வரிசையிலிருந்து வெளியே வந்தான். கையிலிருந்த கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான்.

“சோறு ஆறிடப் போவுது. கடைக்கு எதுக்குக்கா திருப்பித் தள்ளிக்கிட்டு? இங்கயே போடு.”

மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினார்கள். ஒருத்தன் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்து வந்தான். கொக்கி முதல் தட்டை வாங்கி, நின்றவாக்கில் ஒரு வாய் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

“உப்பு கூடக்கா.”

“நாக்கு இன்னும் சரியா வரல. நாளைக்குக் கொறைச்சுப் போடறேன்.”

“நாளைக்கா? இப்ப இன்னொரு கரண்டி போடு.”

வரிசையிலிருந்த அவள் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருத்தராக வண்டிப் பக்கம் வந்து நின்றார்கள். மீட்டர்காரருக்கும் பசிதான். பக்கவாட்டில் வந்து, பழகிய உரிமையில் ஒரு தட்டை எடுக்கக் கையை நீட்டினார். அவள் கரண்டியால் அவர் விரலில் தட்டினாள்.

“மாமன் மச்சான் எல்லாம் இங்கயும் கிடையாது. பின்னாடி போய் நில்லுங்க.”

அவர் போய்க் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள்.